நார் அடைத்த டயர்

எங்கள் வீட்டில் சைக்கிளை ஓட்டியவர் அப்பா. அதை ஓட வைத்தவள் அம்மா. அப்பாவுக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், மணி அடிக்கத் தெரியும். செயின் கழன்றால் பக்கத்தில் நின்று அதை இரக்கத்தோடு பார்க்கத் தெரியும். மற்றதெல்லாம் அம்மாவின் இலாகா.

நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். அப்பாவுக்கு வன்னியம்பட்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. அங்கே பள்ளிக்கூடத்தை ஒட்டியே வாத்தியார் குடியிருக்க ஓர் ஓட்டு வீடு கட்டிப் பூட்டிக் கிடந்தது. அதற்குக் குடி போயிருந்தால் முதல் மணி அடித்த பிறகு சாப்பிட உட்கார்ந்தாலும் போதும். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். அதற்கு முந்தின வருஷம்தான் என் தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். ஊருக்கு வெளியே இருந்த கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா நேரே வீட்டுக்கு வரமாட்டாள். அங்கே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வருவாள். வன்னியம்பட்டிக்கு ஏன் வரமாட்டாள் என்று அவள் காரணம் சொல்லவில்லை. "இங்ஙனயே இருந்துக்கிடுவோம்" என்றாள், அவ்வளவுதான். அப்பாவும் காரணம் கேட்கவில்லை. ராஜபாளையத்துக்குப் போய், யாரோ ஓட்டிக் களைத்துப்போன ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தார்.

சைக்கிளைப் பற்றி அம்மா யாரிடமும் பாடம் கேட்டதில்லை. வந்த அன்றைக்கே அதை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தினாள். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, எது எங்கே இருந்தது என்று மறக்காமலிருக்க முறத்தில் வரிசையாக வைத்தாள். சாயங்காலத்துக்குள் திரும்ப மாட்டியும் விட்டாள். ஒரு மரை மட்டும் மிஞ்சியது. அது எந்த இடத்து மரை என்று கடைசிவரை தெரியவில்லை. சைக்கிளும் அதைக் கேட்கவில்லை.

செயினுக்கு ஆமணக்கெண்ணெய். அதை ஊற்றக் கூடாது, கோழி இறகால் கண்ணி கண்ணியாகத் தொட்டு வைக்க வேண்டும். ஊற்றினால் புழுதி வந்து ஒட்டிக் களியாகிவிடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. துருவுக்குச் செங்கல் பொடியும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெயும். பிரேக் கட்டை தேய்ந்தபோது, கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற கமலையிலிருந்து அறுந்து கிடந்த தோல் வாரை நறுக்கி வைத்தாள். மழையில் அது பிடிக்காது என்று அப்பா மெதுவாகச் சொன்னார். "நம்ம பக்கம் மழ பெய்யட்டும், பொறவு பாப்போம்" என்றாள் அம்மா. டயரைக் கழற்றுவதற்குக் கரண்டிக் காம்புதான் நெம்புகோல். எங்கள் வீட்டில் சாப்பிட்ட விருந்தாளிகள், இந்த வீட்டுக் கரண்டிகள் எல்லாம் ஏன் இப்படித் தலைகுனிந்து நிற்கின்றன என்று யோசித்திருப்பார்கள்.

பிறகு யுத்தம் வந்தது. ரப்பர் எல்லாம் யுத்தத்துக்குப் போயிற்று. ராஜபாளையத்துச் சைக்கிள் கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அப்பாவைத் தெருமுனையில் கண்டதுமே "லேது சார், லேது" என்று கையை விரித்துவிடுவாராம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ் கரிப்புகையில் ஓடியது. அதுவும் ஓடுகிற நாளில் ஓடியது. எங்கள் டியூப்புகளில் ஒட்டுக்கு மேல் ஒட்டு விழுந்தது. முன் சக்கரத்து டியூப் எப்படியோ பிழைத்துக் கிடந்தது. பின் சக்கரத்து டியூப் ஒரு நாள் பட்டென்று வாய் பிளந்து, இனி ஒட்டுவதற்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டது.

அம்மா அசரவில்லை. டியூப் இருந்த இடத்தில் வைக்கோலை முறுக்கி அடைத்தாள். அன்றைக்குத் தெருமாடு ஒன்று அப்பாவின் பின்னாலேயே போயிற்று. பிறகு கந்தல் துணி அடைத்தாள். அது நனைந்தால் கனத்தது. கடைசியில் தென்னை நாருக்கு வந்து சேர்ந்தாள். நாரை ஊறவைத்து, தட்டி, கயிறாகத் திரித்து, டயருக்குள் சுற்றிச் சுற்றி அடைத்து, டயரை விளிம்போடு சேர்த்துக் கம்பியால் கட்டினாள். ஒவ்வொரு தடவையும் அப்பா சாயங்காலம் வந்து, "பிரமாதமா ஓடுது" என்பார். கேட்ட அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த நாட்களில் அவள் முகத்தில் அது அடிக்கடி வருகிற வெளிச்சம் இல்லை.

ஆனால் பிரமாதமாக ஓடிய சைக்கிளில் போகிற அப்பா விடியுமுன்பே கிளம்ப ஆரம்பித்திருந்தார். கேட்டால் பள்ளிக்கூடத்தில் காலை ஜெபம் என்பார். சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்கு வருவார். கேட்டால் எதிர்க்காற்று என்பார். எங்கள் ஊரில் காற்றுக்குக் குறைவில்லை என்பதால் நான் நம்பினேன்.

ஆனாலும் சில நாள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய வாத்தியார் இரண்டு மூன்று தடவை கண்டித்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றும் பிந்தினால் தேவதானத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். தேவதானம் ராஜபாளையத்தையும் தாண்டிச் சேத்தூர்ப் பக்கம். அங்கே மாற்றினால் குடும்பத்தோடு போவதைத் தவிர வேறு வழி கிடையாது. இதை அப்பா வீட்டில் மூச்சு விடவில்லை. எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் வந்தது. அப்பா விடியுமுன்பே குளித்து, கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டி நின்றார். அம்மாவோ முற்றத்தில் பின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் திரித்த புதிய நாரை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வெள்ளனவே போகணும். இன்ஸ்பெக்டர் வாராரு" என்றார் அப்பா.

"சைக்கிள் இருக்கயில என்ன அவசரம்? செத்த நேரம் பொறுங்க. இந்த முடிச்சு மட்டுந்தான் பாக்கி."

அப்பா உட்கார்ந்தார். எழுந்தார். வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா முடிச்சைப் போட்டு, சக்கரத்தை மாட்டி, கையால் சுழற்றிவிட்டு அது நிற்கும் வரை காது கொடுத்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெள்ளையடிக்கிறார்கள் என்று என் பள்ளிக்கூடத்துக்கு அந்த வாரம் விடுமுறை.

"ஏட்டி, நீயும் அப்பாகூடப் போ. ரெண்டாள் பாரம் தாங்குதான்னு பாத்துருவோம்."

"இன்னைக்கா?" என்றார் அப்பா.

"புதுசாக் கட்டியிருக்கேன்லா. எங்ஙன இடிக்கி, எங்ஙன சத்தம் வருதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுவா."

அப்பா என்னைத் தூக்கிப் பின்னால் கேரியரில் உட்கார வைத்தார். மணியை அடித்துக்கொண்டு கம்பீரமாகத் தெருவைக் கடந்தோம். திரும்பிப் பார்த்தேன். அம்மா கையிலிருந்த நாரைத் தட்டிவிட மறந்து வாசலில் நின்றிருந்தாள்.

தெரு திரும்பிக் கண்மாய்க் கரை வந்ததும் அப்பா இறங்கினார். என்னை இறங்கச் சொல்லவில்லை. சைக்கிளைப் பிடித்து உருட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"ஏன்ப்பா எறங்கிட்டீய?"

"வண்டி சூடாயிருச்சும்மா. செத்த ஆறட்டும்."

நான் குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் ஆறலியாப்பா?" என்றேன்.

"வெளிய ஆறிட்டு. உள்ளுக்க சூடு."

அப்பா எட்டி எட்டி நடந்தார். எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் முள் என்று அவர் கால்களுக்குத் தெரிந்திருந்தது. எதிரே சுந்தரபாண்டியத்துச் சந்தைக்குப் போகிற ஒரு பெரியவர் வந்தார். "என்ன வாத்தியாரே, இன்னைக்குப் பாரத்தோட நடக்கீரு" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்.

வெயில் ஏற ஏற அப்பா வானத்தைப் பார்ப்பது அதிகமாயிற்று. ஓரிடத்தில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி மிதித்தார். கொஞ்ச தூரம் கடகடவென்று போயிற்று. இடித்த இடங்களையெல்லாம் அம்மாவிடம் சொல்ல வேண்டுமே என்று மனத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். குறிக்க முடியாத அளவுக்கு இடித்தது. பிறகு டயர் விளிம்பைவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கியது. கம்பி அறுந்தது. நார்க்கயிறு வெளியே வந்து, பின்னால் ஒரு வாலாக நீண்டு, அச்சில் சுற்றிக்கொண்டது. சக்கரம் நின்றுவிட்டது. அப்பா சுற்றியதைப் பிரித்து, வாலைச் சுருட்டிக் கேரியரில் எனக்குக் கீழே செருகினார். மறுபடி நடை.

ஒரு வாகை மரத்தடியில், கால்வாய் ஓரமாக, கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக ஒருவர் நின்றிருந்தார். பக்கத்தில் பளபளவென்று ஒரு சைக்கிள். முன் சக்கரம் தரையோடு சப்பிக் கிடந்தது. அவர்தான் இன்ஸ்பெக்டர் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. சட்டென்று நிமிர்ந்து கும்பிட்டார்.

"வன்னியம்பட்டி வாத்தியார்தானே? போன வருஷம் பார்த்த ஞாபகம்" என்றார் அவர். "முள் ஏறிட்டுது. பம்பு இருக்கு, ஒட்டுறதுக்கு ஒண்ணும் இல்லே. சேவகன் சாமானோட கட்டை வண்டியிலே முன்னாலே போயிட்டான். வாரும், சேர்ந்தே நடப்போம். இனிமே மணி அடிக்கிறதுக்குள்ளே போக முடியாது. பேச்சுத் துணையாவது ஆச்சு."

அப்பா நெடுமூச்சு விட்டார். அது துயரத்தில் விட்ட மூச்சு இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அவருடைய தோள்கள் இறங்கின. காலையிலிருந்து முதல் தடவையாக அவர் வானத்தைப் பார்க்காமல் நின்றார்.

நான் கேரியரிலிருந்து சொன்னேன்: "எங்கம்மா பொட்டலத்துல எல்லாம் இருக்கு. ஒட்டிப்புடலாம்."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ கணக்கைத் தொடக்கத்திலிருந்து போட்டுப் பார்க்கிறவரைப் போல இருந்தது. பிறகு கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினார். பையிலிருந்து அம்மாவின் துணிப் பொட்டலத்தை எடுத்தார்.

எங்கள் முன் சக்கரத்துக்காக அம்மா வைத்திருந்தவை அவை. இரண்டு வளைந்த கரண்டிகள். ஆணியால் துளை போட்ட டப்பா மூடி. பழைய டியூப்பில் வட்டமாக வெட்டிய துண்டுகள். ஒரு மைப்புட்டியில் பசை. மலையாளத்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த பச்சை ரப்பர்த் துண்டை, பஸ் டிரைவர் வீட்டில் கெஞ்சி வாங்கிய கொஞ்சம் பெட்ரோலில் ஊறப்போட்டு அம்மா காய்ச்சாமலே காய்ச்சிய பசை அது.

அப்பா அம்மா செய்வதைப் பல தடவை பார்த்தவர்தான், ஆனால் பார்த்தவர் மட்டும்தான். நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுத்தவள். அதனால் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. கரண்டியைக் காற்று அடிக்கிற குழாய்க்குப் பக்கத்தில் போடக் கூடாது, எதிர்ப்பக்கம் போட வேண்டும். டியூப்பைக் கால்வாய்த் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்தோம். டப்பா மூடியால் அந்த இடத்தைச் சொறசொறவென்று தேய்த்தோம். அப்பா பசையைத் தடவியதும் துண்டை ஒட்டப் போனார்.

"இப்ப ஒட்டக் கூடாதுப்பா. பரமண்டல ஜெபம் சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் குழம்பிப்போய் அப்பாவைப் பார்த்தார். பசை காய்கிற நேரத்துக்கு அம்மாவின் அளவு அது. ஒரு தடவை நிதானமாகச் சொல்லி முடித்தால் பதம் சரியாக இருக்கும். அப்பா வெட்கத்தோடு விளக்கினார். "சொல்லட்டும், சொல்லட்டும்" என்றார் அவர். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவரும் தலைப்பாகையோடு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

டயரை மாட்டுவதற்கு முன் அதன் உட்புறத்தில் ஒரு துணியைப் போட்டு இழுக்கச் சொன்னேன். துணி ஓரிடத்தில் மாட்டியது. அங்கே கருவேல முள்ளின் முனை இருந்தது. அதை எடுக்காமல் மாட்டினால் ஒட்டியதெல்லாம் வீண் என்பது அம்மாவின் வேதம். காற்றடித்தோம். நின்றது. இன்ஸ்பெக்டர் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் அமுக்கிப் பார்த்தார்.

"உன்னை நான் ஏத்திக்கிட்டுப் போகட்டுமா குழந்தே?" என்று கேட்டார்.

"நான் எங்க வண்டியிலதான் வரணும். பாரம் தாங்குதான்னு பாக்கத்தான் அம்மா அனுப்பியிருக்கா."

"நீரும் ஏறி மிதிச்சு வாருமே, வாத்தியாரே."

அப்பாவுக்கு முன் நானே பதில் சொன்னேன்: "வண்டி உள்ளுக்க சூடா இருக்கு."

அவர் எங்கள் பின் சக்கரத்தைப் பார்த்தார். கேரியரில் எனக்குக் கீழே செருகியிருந்த நார் வாலைப் பார்த்தார். அப்பாவின் கால்களைப் பார்த்தார். ஏறி மிதித்துப் போய்விட்டார். ரோட்டில் அவர் சிறிதாகிக் கொண்டே போவதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அது எங்கம்மா ஒட்டு.

அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு, "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார். ஓட ஆரம்பித்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடுகிற வாத்தியாரை அந்த ரோடு அதற்கு முன் பார்த்திருக்காது.

பள்ளிக்கூடத்தை நெருங்கும்போதே பிள்ளைகள் பாடம் சொல்கிற சத்தம் கேட்டது. மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. வாசலில் பெரிய வாத்தியார் நின்றார். அப்பாவை அவர் பார்த்த பார்வையில் நான் கேரியரிலேயே ஒடுங்கினேன். அப்பா முகத்தைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே நின்றார்.

உள்ளே மூன்றாம் வகுப்பில், அப்பாவின் நாற்காலியில், வாகை மரத்தடியில் நின்றவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எழுந்து வாசலுக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "வாரும் வாத்தியாரே. என் வண்டிக்கு வைத்தியம் பார்த்ததிலே உமக்கு நேரமாயிட்டுது. அதனாலே உம்ம வகுப்பை நானே ஆரம்பிச்சுட்டேன்."

பெரிய வாத்தியார் வழிவிட்டு ஒதுங்கினார்.

அதற்குமேல் அவர் எந்தச் சலுகையும் காட்டவில்லை. பின்னக் கணக்கு கேட்டார். வகுப்பில் ஒருவனுக்கும் வரவில்லை. தேசப்படம் கிழிந்திருக்கிறது என்று குறை சொன்னார். வாய்ப்பாட்டை எல்லாரும் ராகம் போட்டுச் சொல்கிறார்களே தவிர அர்த்தம் தெரிந்து சொல்லவில்லை என்றார். மத்தியானம் வரை அப்பாவுக்கு வியர்வை நிற்கவில்லை. ஆனால் தேவதானத்துப் பேச்சு அதன் பிறகு எழவே இல்லை.

சாயங்காலம் திரும்பும்போது கண்மாய்க் கரை வரை உருட்டிக்கொண்டே வந்தோம். அங்கே அப்பா நார்க்கயிற்றை எடுத்து டயரோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினார். ஏறினார். மணியை அடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தார். வழியில் அவர் என்னிடம், அம்மாவிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் குதித்து இறங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். வாகை மரம், முள், கரண்டி, ஜெபம், இன்ஸ்பெக்டர் அமுக்கிப் பார்த்தது, காற்று நின்றது. அம்மா இரண்டு தடவை சிரித்தாள். ஒட்டு நின்றதா, வழியில் காற்று இறங்கவில்லையே என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். பிறகு, "நம்ம வண்டி எப்படி வந்துச்சு?" என்றாள்.

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அதும் எங்ககூடயே வந்துச்சு" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு அப்பாவின் வேட்டியைப் பார்த்தாள். முழங்கால் வரை புழுதி ஏறியிருந்தது. "வெந்நி வச்சுத் தாரேன். காலக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து அப்பாவை விடியுமுன்பே எழுப்புவது அம்மா என்று ஆயிற்று. "எந்திரிங்க, ஜெபத்துக்கு நேரமாகுது" என்பாள். சோற்றுப் பொட்டலம் அதற்கு முன்பே கட்டி ஆயத்தமாக இருக்கும். ஆனால் நார் திரிப்பதையும் அவள் விடவில்லை. சனிக்கிழமை தோறும் பின் சக்கரத்தைக் கழற்றி அடைத்துக் கட்டுவாள். அப்பாவும் திங்கட்கிழமை சாயங்காலம் வந்து, "பிரமாதமா ஓடுது" என்பார். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள்.

இன்ஸ்பெக்டர் வந்த அந்த வாரக் கடைசியில் அம்மா பரணிலிருந்து ஒரு பழைய டயரை இறக்கினாள். டயரில் வெட்டு விழுந்தால் உள்ளே வைத்து ஒட்டுவதற்கென்று யாரையும் தொடவிடாமல் அவள் காத்து வைத்திருந்த டயர் அது. அரிவாள்மணையில் உட்கார்ந்து அதை நீளமாக அறுத்தாள். அப்பாவின் செருப்பை மடியில் வைத்து, கோணி ஊசியால் அடியில் அதைக் கோத்துத் தைத்தாள். ரப்பர் தடிமனாக இருந்ததால் ஒவ்வொரு தையலுக்கும் ஊசியை அம்மிக்கல்லில் ஊன்றித் தள்ள வேண்டியிருந்தது.

"சைக்கிள்ல போறவுகளுக்கு எதுக்கும்மா இம்புட்டுக் கெட்டியான செருப்பு?" என்று கேட்டேன்.

"பெடலு தேய்க்கும்ட்டி" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

அதையும் நான் நம்பினேன். பெடலில் படுவது பாதத்தின் முன்பக்கம்தானே, அம்மா குதிகாலுக்கு ஏன் இரட்டையாக மடித்து வைத்துத் தைக்கிறாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.